செத்தும் சாகாத நாய்!

மரக்காணம் உப்பளத்தில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியில் கண் கூசும். கால் சுடும். ஆகவே இருட்டோடு வருகிறார்கள். பலகை கொண்டு உப்பை வாருகிறார்கள். கரையில் குவிக்கிறார்கள்.

அவர்களுக்கும் முன்னால் அங்கே வந்து நிற்பது நாய்.

அது யார் வீட்டு நாய்? யார் வீட்டு நாயும் அல்ல. எல்லாருக்கும் சொந்தம். தூக்குச் சட்டியில் மிஞ்சிய பழைய சோறும் கருவாட்டுத் தலையும்தான் அதற்குக் கூலி. இரவில் உப்புக் குவியல் பக்கம் அந்நியர் வந்தால் குரைக்கும். வரப்பில் பாம்பு தென்பட்டால் குரைக்கும். அதுதான் அதன் உத்தியோகம்.

ஒரு நாள் அந்த நாய் படுத்து எழுந்த இடத்தில் ரத்தத் துளி தெரிகிறது. பின்பக்கத்தை ஓயாமல் நக்குகிறது. சில வாரம் போனதும் பிறப்புறுப்பில் சதை வளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. காலிபிளவர் பூ போல முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. தொட்டால் ரத்தம் கசிகிறது.

"எங்கோ அடிபட்டிருக்கும்" என்கிறார் ஒருவர். "உடம்புச் சூடு" என்கிறார் இன்னொருவர். "கிட்டே போகாதே, வெறி பிடித்திருக்கும்" என்கிறார் மூன்றாமவர். கல் பறக்கிறது. நாய் ஓடுகிறது.

மரக்காணம் என்றில்லை. எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. நோயைத்தான் யாரும் அடையாளம் காண்பதில்லை. அது புற்றுநோய். அதிலும், முறையாக ஊசி போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிவிடும் புற்றுநோய்!

நாடு பேசியது என்ன?

2025-ம் ஆண்டில் தெரு நாயைப் பற்றி நாடே பேசியது. ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. டெல்லி வட்டாரத்தில் தெருவில் திரியும் நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்பது உத்தரவு. பதினோரு நாள் கழித்து, 22-ந் தேதி, அது மாற்றப்பட்டது. கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம்; வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

டீக்கடையில் பேச்சு. டெலிவிஷனில் பேச்சு. நாய் வேண்டும் என்றார் சிலர். வேண்டாம் என்றார் பலர். குழந்தைகளைக் கடிக்கிறதே என்ற கவலை நியாயமான கவலை. வெறிநோய் வந்துவிட்டால் மனிதன் பிழைப்பது அநேகமாக இல்லை. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அத்தனை பேச்சிலும் ஒன்று விட்டுப்போயிற்று. நாயால் நமக்கு வரும் நோயைப் பேசினோம். நாய்க்கு வரும் நோயைப் பேசவில்லை. இரண்டையும் ஒரே ஆபரேஷன் மேஜையில் வைத்துத் தீர்க்க வழி இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

கட்டி என்பது என்ன?

உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. பழையது சாகும். புதியது பிறக்கும். எல்லாம் ஒரு கணக்கில் நடக்கும்.

சில சமயம் ஓர் உயிரணு கணக்கை மீறுகிறது. சாக வேண்டிய நேரத்தில் சாவதில்லை. ஒன்று இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. அதுதான் கட்டி. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டால் சாதுவான கட்டி. உப்பளத்தில் வரப்பு உடைந்தால் ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் பாய்கிறது அல்லவா? அப்படிப் பக்கத்துச் சதைக்குள் பாய்ந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போய்விட்டால் அது புற்று.

மனிதனுக்கு வருவதைப் போலவே நாய்க்கும் இது வருகிறது. வயதான நாய்க்கு அதிகம் வருகிறது. ரத்தப் புற்று உண்டு. தோல் புற்று உண்டு. பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்புப் புற்று உண்டு. அவை எல்லாம் அந்தந்த நாயோடு பிறந்து அந்தந்த நாயோடு முடிந்துவிடுகின்றன.

ஆனால் மேலே சொன்ன உப்பளத்து நாயின் கட்டி அப்படிப்பட்டது அல்ல. அதன் கதையே வேறு.

தொற்றும் புற்று

புற்றுநோய் தொற்று நோய் அல்ல என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மனிதர்களைப் பொறுத்தவரை அது சரி. நாய் உலகத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நாய்கள் கூடும்போது ஒன்றின் கட்டியிலிருந்து உயிரணுக்கள் உதிர்ந்து மற்றதன் உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கேயே வளர்கின்றன. கிருமி எதுவும் இதில் இல்லை. புற்று அணுவே விதை. அதுவே பயிர்.

1876-ம் ஆண்டு ரஷ்யாவில் நோவின்ஸ்கி என்ற கால்நடை டாக்டர் இதை நிரூபித்தார். ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து வேறு நாயின் உடம்பில் வைத்தார். அது வளர்ந்தது! ஒரு பிராணியின் புற்றை இன்னொரு பிராணிக்கு மாற்றிக் காட்டிய முதல் சோதனை அதுதான்.

பிற்பாடு விஞ்ஞானிகள் அணுவைத் திறந்து பார்த்தார்கள். நாயின் உயிரணுவில் 78 குரோமோசோம்கள் உண்டு. இந்தக் கட்டியின் அணுவிலோ 60-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. அதாவது, கட்டி அந்த நாயின் சொந்தச் சதை அல்ல. வேறு ஒரு நாயின் சதை!

எந்த நாய்?

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எலிசபெத் மர்ச்சிசன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைத் தேடியது. 43 நாடுகளிலிருந்து 546 நாய்களின் கட்டிகளைச் சேகரித்துச் சோதித்தது. 2019-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. அத்தனை கட்டிகளுக்கும் மூலம் ஒரே நாய்! 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாக் கண்டத்தில் வாழ்ந்த நாய். அதன் உடம்பில் தோன்றிய புற்று, அது செத்த பிறகும் சாகவில்லை. நாய் விட்டு நாய் தாவி வந்திருக்கிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. உலகத்தின் மிகப் பழைய புற்று இதுதான்.

ராஜ்யங்கள் வந்தன, போயின. அந்த நாயின் சதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மரக்காணத்துக் கரையில் ஒரு நாய்க்கு இந்தக் கட்டி இருந்தால், அதில் இருப்பதும் அதே சதைதான்!

இதைப்போல் வேறு எங்கும் உண்டா? ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில் உண்டு. அங்கே 'டாஸ்மேனியப் பேய்' என்று பெயர் கொண்ட பிராணி ஒன்று இருக்கிறது. அவை ஒன்றை ஒன்று முகத்தில் கடித்துக்கொள்ளும். கடி வழியாகவே முகப் புற்று பரவுகிறது. 1996-ம் ஆண்டு முதல் முதலில் அது கண்ணில் பட்டது. கடலிலும் உண்டு. வட அமெரிக்கக் கரையில் வாழும் ஒரு வகை மட்டியில் தொற்றும் புற்று இருப்பதை 2015-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள்.

தாய்மார்கள் பயப்பட வேண்டாம். நாயின் இந்தப் புற்று மனிதனுக்கு வராது. நாயைத் தொட்டதால் குழந்தைக்கு வராது. நாய்க்கு நாய்தான் பரவும்.

மூக்கில் ரத்தம்

நாய்க்கு மோந்து பார்க்கும் பழக்கம் உண்டு. நக்கும் பழக்கமும் உண்டு. அதனால் சில நாய்களுக்குக் கட்டி மூக்குக்குள் முளைக்கிறது. வாயிலும் முளைக்கிறது. ஆண் நாய்களுக்கே மூக்குக் கட்டி அதிகம். மூக்கில் ரத்தம் வடியும். மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம் வரும். முகம் ஒரு பக்கம் வீங்கும்.

மூக்கில் ரத்தம் வந்தால் அட்டை புகுந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். ஆகவே யூகம் உதவாது. டாக்டர்தான் பார்க்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் துண்டைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். உருண்டை உருண்டையான அணுக்களும் அவற்றுக்குள் குமிழி குமிழியான ஓட்டைகளும் காட்டிக் கொடுத்துவிடும்.

மணலில் பூத்த மருந்து

இனி மருந்தின் கதை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் ஒரு செடியைப் பார்த்திருப்பார்கள். மணலில் தானே முளைக்கும். ரோஜா நிறத்தில் பூக்கும். வெள்ளையாகவும் பூக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. வருஷம் முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி என்று பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அதனால் பலர் வீட்டில் வைப்பதில்லை.

இந்தச் செடியின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காத் தீவிலும் அது உண்டு. அங்கே நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பது வழக்கம். 1952-ம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர் சில இலைகளைத் தபாலில் கனடாவுக்கு அனுப்பினார். அவை ராபர்ட் நோபிள் என்ற விஞ்ஞானியின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. 'இது பயன்படாது' என்று தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்திருப்பதைக் கவனித்தார்.

வெள்ளை அணு வேகமாகப் பெருகுவது. அதைத் தடுக்கும் சரக்கு, வேகமாகப் பெருகும் புற்றையும் தடுக்குமே! நோபிளும் அவருடைய கூட்டாளி சார்லஸ் பீரும் இலையிலிருந்து மருந்தைப் பிரித்தார்கள். 1958-ம் ஆண்டு அறிவித்தார்கள். அது 'வின்பிளாஸ்டின்'. அதே செடியிலிருந்து 'வின்கிறிஸ்டின்' என்ற இன்னொரு மருந்தை அமெரிக்காவில் பிரித்தார்கள். 1963-ம் ஆண்டு அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அது முக்கியமான மருந்து. நாயின் தொற்றுப் புற்றுக்கும் அதுவே மருந்து!

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இந்தச் செடியை மருந்துக் கம்பெனிகளுக்காக வயலிலேயே பயிர் செய்கிறார்கள். ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மருந்து செடியில் இருக்கிறதே என்று இலையைப் பறித்து அரைத்து நாய்க்குப் புகட்டக்கூடாது. மனிதரும் குடிக்கக்கூடாது. இலையில் மருந்து துளியிலும் துளி. விஷச் சரக்குகளோ பல. இலை வைத்தியத்தில் நோய் போகாது, உயிர் போகலாம்.

வாரம் ஓர் ஊசி

வின்கிறிஸ்டின் ஊசியை நாயின் எடை பார்த்து அளவு கட்டுகிறார்கள். வாரம் ஒரு முறை ரத்தக் குழாயில் போடுகிறார்கள். குழாயை விட்டு வெளியே சிந்தினால் சதை வெந்துவிடும். ஆகவே கைதேர்ந்த டாக்டர்தான் போட வேண்டும். போடுகிறவர் கையுறை போட்டுக்கொள்வார். ஊசி போட்ட சில நாளைக்கு நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் விலகி இருப்பது நல்லது.

சில நாய்க்கு வாந்தி வரும். தீனி குறையும். வெள்ளை அணு குறைவதால் ஊசிக்கு முன் ரத்தம் பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டாவது ஊசிக்கே கட்டி சுருங்கத் தொடங்கும். ரத்தம் நிற்கும். நாலு முதல் ஆறு ஊசியில் கட்டி இருந்த இடம் தெரியாது. பத்து நாய்க்கு ஒன்பது நாய் குணமாகிறது. மனிதப் புற்று டாக்டர்கள் பொறாமைப்படக்கூடிய கணக்கு இது!

அது எப்படி? இந்தப் புற்று, நாயின் உடம்பில் உள்ள காவற்படையின் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்கிறது. மருந்து பட்டதும் வேஷம் கலைகிறது. காவற்படை விழித்துக்கொள்கிறது. மருந்தும் படையும் சேர்ந்து அடிக்கின்றன.

கத்தியால் வெட்டி எடுத்தால் போதாதா? வெட்டலாம். ஆனால் வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைப்பது அதிகம். சுண்ணாம்பு தடவுவது, நூல் கட்டுவது, சூடு போடுவது ஆகியவை சித்திரவதை. புண் ஆறாது. ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

வின்கிறிஸ்டின் மற்றப் புற்று மருந்துகளைப் போல் விலை உயர்ந்தது அல்ல. மரக்காணத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி இருக்கிறது. அங்கே குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் சென்னை. அங்கே வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்து இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். பிறகு எங்கே தடங்கல்?

ஆறு வாரம் யார் பிடிப்பது?

தடங்கல் நாயைப் பிடிப்பதில்தான் இருக்கிறது!

வீட்டு நாய் என்றால் கயிற்றைப் பிடித்து வாரா வாரம் கூட்டிப் போகலாம். தெரு நாய் ஒரு முறை அகப்படும். குத்தின ஊசியை அது மறக்காது. மறு வாரம் ஆளைக் கண்டதும் ஓடும். இரண்டு ஊசியில் ரத்தம் நின்றதும் மனிதரும் மறந்துவிடுகிறார்கள். இது ஆபத்து. அரைகுறையாக விட்டால் கட்டி திரும்பி வரலாம். திரும்பி வருவது பழைய மருந்துக்கு மசியாமலும் போகலாம். அப்போது விலையும் வேகமும் கூடிய வேறு மருந்து தேட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு நாயாகக் குணப்படுத்துவதோடு, பரவும் வழியையும் அடைக்க வேண்டும். நாய்கள் கூடுவதால் பரவும் நோய் இது. கூடுவது குறைந்தால் பரவுவதும் குறையும். கருத்தடை ஆபரேஷன் இங்கேதான் வருகிறது.

இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சென்னையில் 1959-ல் ஏற்பட்ட 'புளூ கிராஸ்' சங்கம், நாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1964-லேயே வேலையைத் தொடங்கியது. அப்போது மாநகராட்சிகள் நாயைப் பிடித்துக் கொன்று வந்தன. சென்னை மாநகராட்சி இந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் மத்திய அரசாங்கம் இதற்கு விதிகளை வகுத்தது. 2023-ல் அவற்றைப் புதுப்பித்தது.

பிரிட்டனைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கேயும் இந்தப் புற்று இருந்தது. தெருவில் திரியும் நாயைச் சட்டம் போட்டு அடக்கினார்கள். இந்த நோயை நினைத்துச் செய்தது அல்ல அது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நோய் தானாக மறைந்தது. இப்போது அங்கே காணப்படுவது வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களிடம்தான்.

கருத்தடைக்குப் பிடித்த நாய் சில நாளில் தெருவுக்குத் திரும்பிவிடும். புற்று ஊசிக்கோ பல வாரம் வேண்டும். கட்டியோடு பிடிபட்ட நாயைக் கட்டி கரையும் வரை வைத்திருக்கக் கூண்டும் தீனியும் வேண்டும். பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் கணக்குப் போட வேண்டியது இந்தச் செலவைத்தான். ஒரு நோயுற்ற நாயை அப்படியே விட்டால் அது இன்னும் பல நாய்க்குக் கொடுத்துவிட்டு வரும். பிறகு அத்தனைக்கும் செலவு.

பெட்டை நாய்க்கு இன்னொரு நன்மை

வளர்ந்த பெட்டை நாய்க்கு மடியில் கட்டி வருவது உண்டு. நம் நாட்டில் நாய்க்கு அதிகம் வரும் கட்டிகளில் அதுவும் ஒன்று. மடிக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றாக இருக்கும் என்பது டாக்டர்கள் கணக்கு. இதற்கு ஆபரேஷன்தான் முதல் வைத்தியம். நெல்லிக்காய் அளவில் இருக்கும்போது எடுத்தால் பிழைக்கும். தேங்காய் அளவுக்கு வளரவிட்டால் நுரையீரலுக்குப் போயிருக்கும்.

1969-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு மடிப் புற்று மிக மிக அரிது என்று கண்டது. பிற்காலத்தில் சிலர் அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியானது அல்ல என்று வாதித்தார்கள். என்றாலும் சீக்கிரம் செய்வதே நல்லது என்பது பல டாக்டர்களின் கருத்து.

உப்பளத்துக்கு என்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை முடியும் வெளிறிய தோலும் கொண்ட நாய்க்கு, முடி குறைந்த வயிற்றுப் பக்கத்தில் கடும் வெயிலால் தோல் புற்று வரலாம். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. வெள்ளைத் தரையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. கொட்டகை நிழலில் நாய்க்கும் ஓர் இடம் விட்டால் நல்லது.

எல்லா வீக்கமும் புற்று அல்ல. சீழ்க் கட்டி இருக்கும். கொழுப்புக் கட்டி இருக்கும். உண்ணி கடித்த தடிப்பும் இருக்கும். ஆனால் வாரத்துக்கு வாரம் பெரிதாகும் கட்டி, ஆறாத புண், காரணம் தெரியாமல் வடியும் ரத்தம் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பழக்கம் இல்லாத நாயைத் தாங்களாகப் பிடிக்கப் போகக்கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பளத்து நாய்க்கு ஒரு வசதி உண்டு. அது நகரத்துத் தெரு நாயைப் போல் அல்ல. தை, மாசியில் உப்பு வேலை தொடங்கினால் மழை வரும் வரை அதே ஆட்கள், அதே பாத்தி, அதே கொட்டகை. தினமும் விடியற்காலையில் நாய் சோற்றுக்கு வந்து நிற்கும். சோறு போடுகிற கை அதன் கழுத்தில் கயிறு மாட்டினால் ஓடாது. ஆறு வாரம் ஆறு ஊசி போட இதைவிட நல்ல காலம் கிடையாது. ஐப்பசி மழையில் பாத்திகள் தண்ணீரில் மூழ்கும். வேலை நிற்கும். ஆட்கள் போய்விடுவார்கள். நாயும் தீனி தேடி ஊருக்குள் போகும். தெரு நாய்கள் அதிகம் கூடும் பருவமும் அதை ஒட்டியே வருகிறது.